மூடுபனியில் மண் காயுமா?

போன இதழில் வீட்டில் களிமண் பொம்மை செய்வதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி மலையிலிருந்துதான். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், அந்தப் பக்கம் கொடைக்கானல், பண்ணைக்காடு. கேட்டிருப்பது வேறு வேறு என்றாலும் எல்லோருக்கும் ஒரே மனக்குறை: வீடியோவில் பார்த்த மாதிரியே செய்தோம், வரவில்லை. வராதுதான். அந்த வீடியோ எடுத்தவர் சென்னையிலோ கோவையிலோ மொட்டை மாடி வெயிலில் நின்றுகொண்டு "ஒரு நாள் காயவிடுங்கள்" என்கிறார், நமக்கோ ஜூன் பிறந்துவிட்டால் துவைத்த துணியே நாலு நாளைக்குக் காய்வதில்லை. களிமண் என்று கடையில் விற்பதெல்லாம் மண் கிடையாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெட்டியாகிறது, அந்த விதம் நம் குளிருக்கும் ஈரத்துக்கும் ஒத்துவருமா என்று பார்த்துவிட்டுத்தான் பிசைய உட்கார வேண்டும். அதனால் இந்த முறை கேள்வி பதில் முழுவதும் இதைப் பற்றித்தான்.

கேள்வி: தீபாவளிக்கு முன்னால் குழந்தைகளோடு சேர்ந்து மைதாவும் உப்பும் பிசைந்து அகல், பிள்ளையார், நட்சத்திரம் எல்லாம் செய்தோம் அக்கா. காய்ந்து கல் மாதிரி இருந்தது. ஷெல்ஃபில் வைத்துப் பத்து நாள் கழித்துப் பார்த்தால் எல்லாம் வியர்த்துப் பிசுபிசுவென்று ஆகி, பிள்ளையாரின் காது தொங்கிவிட்டது. மாவு சரியில்லையா?
– வாசகி, குன்னூர்

மாவில் எந்தக் குற்றமும் இல்லை, உப்புதான் காரணம். மழைக்காலத்தில் உங்கள் அடுப்படி உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள், ஓரமெல்லாம் நீர் கோத்து நிற்கும். காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் உப்பு காற்றிலிருக்கும் தண்ணீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். அக்டோபர், நவம்பரில் குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழை, வாசல் கதவைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வரும், அந்த நேரத்தில் இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு உப்பு போட்டுச் செய்த பிள்ளையார் வியர்க்காமல் என்ன செய்வார்? உப்பைக் குறைக்கலாமே என்று தோன்றும், குறைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், ஏனென்றால் மாவைக் கெடாமல் வைத்திருப்பதே அந்த உப்புதான்.

செய்தே ஆக வேண்டும் என்றால் பிப்ரவரி, மார்ச் மாதம் செய்யுங்கள், நமக்குக் காற்று கொஞ்சம் உலர்ந்திருக்கும் நாட்கள் அவை. அரை அங்குலத்துக்கு மேல் தடிமன் வேண்டாம். ஓடிஜி, அதாவது கேக் வேகவைக்கும் சின்ன மின்சார அடுப்பு இருந்தால் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம், நடுவில் திருப்பிப் போட்டு, தட்டினால் ஓடு மாதிரி சத்தம் வரும்வரை உலர்த்துங்கள். ஆறியதும் அன்றைக்கே வார்னிஷ் இரண்டு கோட் அடித்துவிட வேண்டும், நாளைக்கு என்று தள்ளிவைத்தால் ராத்திரியே ஈரத்தைக் குடித்துவிடும். பலர் அடிப்பாகத்துக்கு அடிக்காமல் விட்டுவிடுகிறார்கள், ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான்.

அப்புறம் இரண்டு விஷயம். மாவில் செய்த அகலில் எண்ணெய் விட்டுத் திரி ஏற்றாதீர்கள், எண்ணெயைக் குடித்துவிட்டு அகலே எரியத் தொடங்கிவிடும். அதோடு வீட்டில் நாய் இருந்தால் உப்பு மாவு பொம்மையை எட்டாத உயரத்தில் வையுங்கள். மாவு வாசனைக்கு நாய் கடித்துத் தின்றுவிடும், அவ்வளவு உப்பு உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: நான் கல்லூரியில் படிக்கிறேன். கம்மல் செய்து விற்கலாம் என்று பாலிமர் க்ளே வாங்கினேன். கொடைக்கானல் குளிருக்கு அது ரவை மாதிரி உதிர்கிறது, பிசையவே முடியவில்லை. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், வழுக்குகிறதே தவிர சேரவில்லை. இன்னொன்று, என்னிடம் கேக் வேகவைக்கும் அவன் கிடையாது, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் போதும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– மாணவி, கொடைக்கானல்

தண்ணீர் தெளிப்பதை முதலில் நிறுத்துங்கள் தங்கச்சி. பெயர்தான் களி, அதில் மண்ணும் இல்லை தண்ணீரும் இல்லை. அது பிவிசி, அதாவது தண்ணீர்க் குழாய் செய்யும் அதே பிளாஸ்டிக்கின் தூளை, மிருதுவாக்கும் ஒரு எண்ணெய்ப் பொருளில் குழைத்து வைத்தது. அதனால்தான் காற்றில் வைத்தால் அது காய்வதே இல்லை, சூட்டில்தான் அந்தத் தூள் ஒன்றோடொன்று இளகிச் சேர்ந்து ஒரே துண்டாக ஆகிறது. குளிரில் அந்த எண்ணெய்ப் பொருள் இறுகிவிடுவதால் களியும் உதிர்கிறது, கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். மறுநாள் வேலை என்றால், காலையில் எழுந்ததும் வேண்டிய துண்டுகளை மெழுகுத்தாளில் சுற்றி ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மற்ற வேலையைப் பார்ப்பேன், ஒரு மணி நேரத்தில் உடம்புச் சூட்டுக்கே இளகிவிடும். அவசரம் என்றால் வெந்நீர்ப் பையை ஒரு துண்டில் சுற்றி அதன்மேல் பத்து நிமிடம். நேராக அடுப்புப் பக்கமோ ஹீட்டர் முன்னாலோ வைக்கக் கூடாது, ஓரம் வெந்துபோய்க் கட்டி விழும், அந்தக் கட்டி அப்புறம் எவ்வளவு பிசைந்தாலும் கரையாது. இளகியதும் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, மடித்து, மறுபடி தேய்த்து, ஒரு இருபது தடவை. மடிக்கும் இடத்தில் வெடிக்காமல் வளைந்தால் தயார் என்று அர்த்தம். அந்தக் கட்டையை மறுபடி சப்பாத்திக்கு எடுக்காதீர்கள், களிக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொதிநீர் விஷயம். இந்தக் களி வேகப் பெரும்பாலும் 110 முதல் 130 டிகிரி வேண்டும், எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். கடற்கரையிலேயே தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. நாம் இருப்பதோ 2,100 மீட்டர் உயரத்தில், இங்கே 93 டிகிரியிலேயே தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும். நம் ஊரில் பருப்பு வேக நேரமாவதும் அதனால்தான். கொதிநீரில் போட்ட கம்மல் மேலே கெட்டியான மாதிரி தெரியும், உள்ளே வெந்திருக்காது, வாங்கினவர் காதில் மாட்டும்போது கொக்கியோடு பிய்ந்து வரும். விற்கப் போகிறேன் என்கிறீர்கள், அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன், வேண்டாம்.

குக்கரில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி வேகவைக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள், அதில் சூடு எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. சுமார் 175 டிகிரியைத் தாண்டினால் இந்தக் களி கருகிக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கிற அமிலப் புகையை விடும், குளிருக்குச் சன்னலை மூடி வைத்திருக்கிற சின்ன அறையில் அது நல்லதில்லை. ஒரு சின்ன ஓடிஜியைத் தோழிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே உள்ளே வைக்கும் அவன் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஓடிஜியின் திருகு 130 என்று காட்டும்போது உள்ளே 150 இருப்பது சர்வ சாதாரணம். ஒரு தரை டைல்ஸ் துண்டின்மேல் கம்மல்களை அடுக்கி, மேலே அலுமினியத் தாளைக் கூடாரம் மாதிரி போட்டு மூடி, முன்பே சூடான அவனில் நடுத்தட்டில் அரை மணி நேரம். எடுத்ததும் வளைத்துப் பார்க்காதீர்கள், முழுக்க ஆறவேண்டும். ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு மெல்லிய பட்டையை வேகவைத்து ஆறியபின் வளைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் வெந்திருக்கிறது, படக்கென்று ஒடிந்தால் வேகவில்லை, மறுபடியும் உள்ளே வைக்கலாம், தப்பில்லை.

மிஞ்சும் துணுக்குகளைக் குப்பையில் போடாதீர்கள். பிளாஸ்டிக்கை மலையேற விடாமல் தடுக்க இவ்வளவு பாடுபடுகிற ஊர்களில் இருந்துகொண்டு பிவிசி தூளை மண்ணில் கொட்டக் கூடாது. எல்லாவற்றையும் சேர்த்து உருட்டி மணிகளுக்கு உள்கருவாக வைத்து, மேலே நல்ல நிறத்தைப் போர்த்திவிடலாம்.

கேள்வி: எங்கள் தோட்டத்து மண் நல்ல செம்மண். இதிலேயே பொம்மை செய்யலாமா? கடையில் வாங்குவானேன் என்று பார்க்கிறேன். செய்து பார்த்ததில் காய்ந்ததும் விரிசல் விட்டுவிடுகிறது.
– வாசகர், கூடலூர்

ரொம்ப நாளாக எதிர்பார்த்த கேள்வி இது. செம்மண் என்பது நிறம்தான், களி என்பது குணம். நம் மலைச்சரிவுகளில் இருக்கும் செம்மண் பெரும்பாலும் மழையில் அலசி அலசி இரும்பும் அலுமினியமும் மிஞ்சின லேட்டரைட் மண், தேயிலைக்கு ஏற்றது, ஆனால் விரலில் ஒட்டிக்கொண்டு நிற்கிற பசை குறைவு. பென்சில் கனத்துக்கு ஒரு திரி உருட்டி ஆள்காட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காமல் மோதிரம் மாதிரி நின்றால் அது களி, துண்டு துண்டாக விட்டுப்போனால் வெறும் மண். கூடலூர்ப் பக்கம் உங்களுக்கு ஒரு வசதி, பள்ளத்தில் நெல் வயல்கள் இருக்கின்றன, சரிவிலிருந்து அரித்து வந்த மெல்லிய வண்டல் அங்கே தங்கியிருக்கும். வயல்காரரிடம் கேட்டு ஒரு பக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். சரிவை வெட்டி மட்டும் மண் எடுக்காதீர்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து எத்தனை பேர் போனார்கள் என்பதை மறக்க முடியாது, வீட்டுக்குப் பின்னால் மேட்டின் அடியை ஒரு கூடை அளவு சுரண்டுவதும் வேண்டாம்.

கொண்டு வந்த மண்ணைக் கட்டி உடைத்து, நன்றாகக் காயவைத்து, பிறகு தண்ணீரில் போடுங்கள். ஈர மண்ணைத் தண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாகவே கிடக்கும், காய்ந்த கட்டியைப் போட்டால் உஸ்ஸென்று குமிழி விட்டுக்கொண்டு தானே பூத்துக் கரையும், பார்க்கவே அழகாக இருக்கும். ஒரு பங்கு மண்ணுக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர், கையை விட்டுக் கலக்கி, இரண்டு நிமிடம் அப்படியே விட்டால் மணலும் கல்லும் அடியில் போய்விடும். மேலே நிற்கும் கலங்கலை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடித்து இன்னொரு பக்கெட்டுக்கு மாற்றுங்கள். மறுநாள் காலையில் தெளிந்த நீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, அடியில் தயிர் மாதிரி நிற்பதைத் துணியில் மூட்டை கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டுவிட்டால், சமவெளியில் மூன்று நாளில் கெட்டிப்படுவது நமக்கு எட்டு, பத்து நாள் ஆகும். ஆகட்டும். புளித்த மாவு மாதிரி, ஊற ஊறக் களிக்கு இழுவை கூடும், மாதக்கணக்கில் மூடி வைத்த மண் கையில் வெண்ணெயாகக் குழையும்.

இப்போது விரிசல். ஒரு சப்பாத்தி மாதிரி தட்டி அதில் சரியாக 10 செண்டிமீட்டருக்குக் கோடு போட்டுக் காயவிடுங்கள், காய்ந்தபின் அளந்து பாருங்கள். கோடு 9 செண்டிமீட்டருக்கும் கீழே சுருங்கியிருந்தால் அந்த மண் தனியாக நிற்காது, விரிசல் விடும். பழைய மங்களூர் ஓடு உடைந்தது எல்லார் வீட்டுப் பின்புறமும் கிடக்கும், அதை இடித்துச் சலித்து ரவைப் பதத்தில் ஐந்துக்கு ஒரு பங்கு சேருங்கள். ஏற்கனவே சூளையில் வெந்த ஓடு சுருங்காது, களிக்கு உள்ளே எலும்பு மாதிரி நின்று தாங்கும்.

அப்புறம், நம் ஈரக்காற்று எதிரியாக இல்லாமல் துணையாக இருப்பது நிஜ மண்ணுக்கு மட்டும்தான். மண் விரிவதற்குக் காரணம் வெளித்தோல் சீக்கிரம் காய்ந்து சுருங்க உள்ளே இன்னும் ஈரமாக நிற்பது, மூடுபனியில் உள்ளும் புறமும் ஒரே சீராக மெதுவாகக் காய்வதால் அந்த இழுபறி இல்லை. இரண்டு வாரம் காய விடுங்கள், மூன்று வாரம் ஆனாலும் ஆகட்டும், வெயில் வந்ததும் ஓடிப்போய் வெளியே வைக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் மட்டும் வெளியே வைப்பது கூடவே கூடாது. ஊட்டி காந்தலில் இருந்தபோது ஆறு சின்ன மாடுகளை ஈரத்தோடு திண்ணையில் விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன், அன்று உறைபனி விழுந்தது. காலையில் புல்லெல்லாம் வெள்ளை, மாடுகளின் முதுகில் ஊசி ஊசியாகப் பனிக்கட்டி. பத்து மணி வெயிலுக்கு அது கரைந்ததும், மண்ணுக்குள் இருந்த தண்ணீர் உறையும்போது பெருத்ததால் தோல் மீன் செதிள் மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்து கையோடு வந்தது. ஒரு மாட்டுக்கும் கொம்பு மிஞ்சவில்லை. ஒரு மாத வேலை அது.

காய்ந்த மண் வேறு, சுட்ட மண் வேறு. காய்ந்ததைத் தண்ணீரில் போட்டால் மறுபடி சேறுதான். மண்ணின் துகளோடு பிணைந்திருக்கும் நீர் வெளியேறி அது திரும்ப மண்ணாகாத பொருளாவதற்கு 600 டிகிரியாவது வேண்டும், வீட்டு அவன் 250க்கு மேல் போகாது. அதனால் அவனில் வைத்து எடுத்துவிட்டு டெரகோட்டா என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சுடுவதற்கு மலையில் வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். நம் நீலகிரியிலேயே கோத்தர் பழங்குடி வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பானை வனைந்து சுட்டவர்கள், ஆண்கள் கொல்லுவேலையும் தச்சுவேலையும் பார்த்தால் மண் வேலை பெண்களுடையது. அந்த அறிவு இந்த மண்ணிலேயே இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்கு உடனடி வழி, சமவெளியில் சூளை போடும் குயவர் ஒருவரைத் தெரிந்துகொண்டு, நன்றாகக் காய்ந்தவற்றை வைக்கோலில் பொதிந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவதுதான். நீங்களே மூட்டம் போட்டுச் சுடப் பார்க்காதீர்கள், பிப்ரவரி முதல் காடு காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும்.

கேள்வி: என் பாட்டி காகிதத்தை ஊறவைத்து வெந்தயம் போட்டு அரைத்துக் கூடை செய்வார். அதே முறையில் முகமூடி செய்தேன், நான்காம் நாள் கறுப்புப் புள்ளி, ஒரே நாற்றம். பாட்டிக்கு வராத பூஞ்சணம் எனக்கு மட்டும் ஏன்?
– வாசகர், கோத்தகிரி

பாட்டி எந்த ஊரில் செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை, வெயில் ஊராகத்தான் இருக்கும். வெந்தயம் அருமையான பசை, ஆனால் அது சாப்பாடு, மனிதனுக்கு மட்டுமில்லாமல் பூஞ்சணத்துக்கும். அங்கே கூடை இரண்டு நாளில் காய்ந்து தப்பித்துவிடும், கோத்தகிரியில் ஒரு வாரம் ஈரமாகக் கிடந்தால் பூத்துவிடும்.

வெந்தயத்தைப் பாதியாகக் குறைத்து மீதிக்கு ஃபெவிகால் சேருங்கள். கூழைத் துணியில் கட்டிச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்துவிட்டு, பிறகு சாக் பவுடர் சேர்த்துப் பிசைந்தால் பாதி ஈரம் அப்போதே போய்விடும். ஒரு தடவைக்கு ஒரு தோசைக் கனம்தான் அப்ப வேண்டும், அது காய்ந்தபின் அடுத்த அடுக்கு. கிராம்பு எண்ணெய் சில சொட்டு விட்டால் பூஞ்சணம் தள்ளிப்போகும். நம் ஊர் யூகலிப்டஸ் தைலத்தையும் சிலர் விடுவார்கள், வாசனை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சின்னக் குழந்தைகள் கை வைக்கிற பொருள் என்றால் வேண்டாம், தைலம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு விஷம்.

ஃபெவிகாலுக்கும் ஒரு குளிர் எல்லை உண்டு. ராத்திரி வெப்பம் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினால் அது கண்ணாடி மாதிரி படியாமல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகக் காயும், நகத்தால் சுரண்டினால் தூளாக வரும். ஒட்டின பொருளை ராத்திரி அடுப்படியில், அடுப்பு அணைந்தபின் அந்த மிச்சச் சூட்டில் வையுங்கள். கார்ன்ஃப்ளாரும் ஃபெவிகாலும் சம பங்கு போட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் குறைந்த தீயில் அல்வா மாதிரி கிண்டி எடுக்கும் களிக்கும் இதே பேச்சுதான். பூ இதழ் மாதிரி மெல்லிசாகச் செய்வதற்கு அதைப்போல வேறு இல்லை, கனமாகச் செய்தால் சுருங்கி வெடிக்கும்.

கேள்வி: பரணில் இருந்து நான் சின்ன வயதில் விளையாடிய கலர் களிமண் கட்டி கிடைத்தது. முப்பது வருடம் இருக்கும், இன்னும் காயவில்லை! எப்படி?
– வாசகர், பண்ணைக்காடு

அதில் தண்ணீரே இல்லை, எது காயும்? 1897-ல் இங்கிலாந்தில் பாத் நகரத்து ஓவிய ஆசிரியர் வில்லியம் ஹார்பட், சிற்பம் படிக்கும் மாணவர்களுக்குக் காய்ந்துபோகாத களி வேண்டும் என்று சுண்ணச்சத்துத் தூளையும் வாசலினையும் கொழுப்பு அமிலத்தையும் சேர்த்துக் குழைத்தார், பிளாஸ்டிசின் என்று பெயர் வைத்தார், கடையில் நாம் வாங்கும் கலர்க் கட்டிகள் அந்த வழி வந்தவை. மலைக் குளிரில் கல்லாக இருக்கும், உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தால் இளகும். மர மேசையிலோ புத்தகத்திலோ வைக்காதீர்கள், எண்ணெய் இறங்கிக் கறை பிடிக்கும். பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள், ஆனால் இதை அவனில் வைத்துக் கெட்டியாக்கப் பார்க்க வேண்டாம், உருகி ஓடிவிடும்.

கேள்வி: கொலு பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கும்போது தசாவதார செட்டில் ஒரு கை உடைந்துவிட்டது. மதுரை விளாச்சேரியில் மாமியார் வாங்கியது. எந்தக் களியால் சரிசெய்வது?
– வாசகி, கொடைக்கானல்

பச்சைக் களிமண் மட்டும் வேண்டாம். மண் பொம்மைக்கு மண்தானே பொருத்தம் என்று தோன்றும், ஆனால் புதிய மண் காயும்போது சுருங்கும், பழைய பொம்மை சுருங்காது, இரண்டுக்கும் இடையில் கோடு விழுந்து ஒரே வாரத்தில் கை கழன்றுவிடும். சுருங்காமல் இறுகுவது எம்-சீல், மோல்டிட் மாதிரி இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி களிதான். இரண்டையும் சம அளவு எடுத்து, இரண்டு நிறமும் கோடு தெரியாமல் ஒன்றாகும்வரை பிசையுங்கள், சரியாகப் பிசையாவிட்டால் அங்கங்கே பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சிலருக்குத் தோல் தடித்துவிடும். குழந்தைகளை இந்த வேலைக்குச் சேர்க்காதீர்கள்.

உடைந்த இடத்தில் ஒரு துளை போட்டு சின்னக் கம்பி சொருகி, அதன்மேல் களியை அப்பி, ஈர விரலால் தடவிச் சமப்படுத்துங்கள். குளிரில் இது இறுகும் வேகமும் குறையும், பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே இரட்டிப்பாக வைத்துக்கொண்டு மறுநாள்தான் உப்புத்தாள் போட வேண்டும். பெயிண்ட் அடிக்கும் முன் பழைய நிறத்தோடு ஒரு அட்டையில் கலந்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாமியார் கைப்பட வாங்கியது என்கிறீர்கள், நிறம் துளி மாறினாலும் உங்கள் கண் அங்கேயேதான் போய் நிற்கும்.

கேள்வி: சுடாமல் காற்றிலேயே காயும் ஏர் டிரை க்ளேயில் டீ கப் செய்து உள்ளே வார்னிஷ் அடித்தால் டீ குடிக்கலாமா?
– வாசகர், குன்னூர்

கூடாது. சூடு பட்டால் வார்னிஷ் இளகும், உள்ளே இருக்கும் களி ஊறும், இரண்டும் டீயோடு வயிற்றுக்குள் போகும். பேனா வைக்கலாம், காய்ந்த பூ வைக்கலாம். குடிக்கிற பாத்திரம் சூளையில் வெந்து, சாப்பாட்டுக்கு ஏற்ற கண்ணாடிப் பூச்சு ஏறியதாகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: பாதி உபயோகித்த களியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள் என்கிறார்கள். எங்கள் ஊரில் கவரே கிடைக்காது. என்ன செய்வது?
– வாசகி, ஊட்டி

கிடைக்காதது நல்லதுதான். மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்படம் ஒன்று, ஈரம் பிழிந்த பருத்தித் துணி ஒன்று. மண் களியைத் துணியில் சுற்றிச் சம்படத்தில் போட்டு மூடினால் மாதக்கணக்கில் இருக்கும், வாரம் ஒரு முறை துணியை நனைத்தால் போதும். ஏர் டிரை களிக்கும் அதே. பாலிமர் களிக்கு மட்டும் ஈரத் துணி வேண்டாம், மெழுகுத்தாளில் சுற்றி வையுங்கள்.

கேள்வி: நான் ஆறாம் வகுப்பு. களிமண்ணில் யானை செய்தேன் ஆன்ட்டி. மூன்று தடவையும் தும்பிக்கை விழுந்துவிட்டது.
– வாசகன், கோத்தகிரி

தம்பி, தும்பிக்கையைத் தனியாகச் செய்து முகத்தில் சும்மா அழுத்தி ஒட்டியிருப்பாய். அப்படி ஒட்டினால் பிடிக்காது. ஒட்டப்போகும் இரண்டு இடத்திலும் பழைய பல் துலக்கும் பிரஷால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறு. அதே மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தோசை மாவு மாதிரி ஆக்கி, கீறின இடத்தில் தடவி, பிறகு அழுத்தி லேசாக அப்படி இப்படி ஆட்டி ஒட்டு. ஓரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய மண் திரியை வைத்து விரலால் தேய்த்துவிடு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உன் யானையின் வயிறு குண்டு, தும்பிக்கை ஒல்லி. ஒல்லியானது முதலில் காய்ந்து சுருங்கிவிடும், வயிறு இன்னும் ஈரமாகவே இருக்கும், அந்த இடத்தில்தான் ஒடிகிறது. வயிற்றுக்கு அடியில் ஒரு ஓட்டை போட்டு ஸ்பூனால் உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிடு. தும்பிக்கையை மட்டும் ஒரு ஈரத் துணித் துண்டால் சுற்றி வை, தினமும் காலையில் பள்ளிக்குப் போகும்முன் துணியை நனைத்துவிட்டுப் போ, வயிறு வெளுத்துக் காய ஆரம்பித்தபின் துணியை எடுத்துவிடு. இந்த முறை தும்பிக்கை முன்னங்காலில் ஒட்டிக்கொண்டு கீழே தொங்குகிற மாதிரி செய். அது நின்றுவிட்டால் அடுத்த யானைக்குத் தூக்கின தும்பிக்கை வைக்கலாம்.